நிழலுக்குப் போ

தென்காசி பஸ் நாலே முக்காலுக்குத்தான் அம்மா. போர்டில் நாலேகால் என்று எழுதியிருக்கும், அதை நம்பாதீர்கள். இப்படி உள்ளே தள்ளி உட்காருங்கள், சாரல் அந்தப் பக்கமாக அடிக்கிறது. நானும் உட்கார்ந்துகொள்கிறேன். என்னைப் பார்த்திருப்பீர்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் பேசும்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பழைய வாத்தியார் என்று தலைமையாசிரியை ஒரு துண்டு போர்த்தினார்களே, அந்த ஆள். பெயர் வேலாயுதம். பெயரைச் சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. டிரில் சார் வீடு எது என்று கேட்டால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

நன்றாகப் பேசினீர்கள். அந்தக் குறைபாட்டுக்கு நீளமாக ஒரு பெயர் சொன்னீர்கள், அது என் வாயில் நுழையவில்லை. ஆனால் விஷயம் புரிந்தது. பிள்ளைக்குப் புத்தி நன்றாக இருக்கும், கையும் காலும் மட்டும் சொன்னபடி கேட்காது. பந்தைப் பிடிக்க வராது, பொத்தான் போட வராது, எழுத்து கோணும். அது சோம்பல் இல்லை, திமிர் இல்லை. நூற்றுக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு இருக்கும், ஒரு வகுப்புக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். பின்னால் இருந்த தாய்மார்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு பேரா என்று அவர்களுக்கு.

எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. உங்களுக்கு யாரோ பெரிய படிப்புப் படித்தவர்கள் அந்த எண்ணைச் சொல்லியிருப்பார்கள். நான் முப்பத்தோரு வருஷம் அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் நின்று பார்த்தவன். நாற்பது பேர் வகுப்பென்றால் இரண்டு. சில வருஷம் மூன்று. ஒன்றுகூட இல்லாத வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை.

ஜூன் மாதம் முதல் டிரில் பீரியடிலேயே தெரிந்துவிடும். பெரிய சோதனை ஒன்றும் கிடையாது. வரிசையாக நிற்க வைத்து லெப்ட் ரைட் சொல்வேன். மற்ற பிள்ளைகளுக்கு வலது கால் போனால் இடது கை போகும். யாரும் சொல்லித்தர வேண்டாம், அது தானாகப் போகும். இந்தப் பிள்ளைகளுக்கு வலது காலோடு வலது கையும் சேர்ந்து போகும். பொம்மையைக் கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி. ஒரு தரம் பந்தைத் தூக்கிப் போடுவேன். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்த பிறகு கை இரண்டும் சேரும். அவ்வளவுதான். "நீ நிழலுக்குப் போ" என்பேன்.

நிழல் என்றால் வடக்குச் சுவர் ஓரம் ஒரு வாகை மரம். அதன் அடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவர்களுக்கு டிரில். பள்ளிக்கூடம் முழுக்க அந்தப் பேச்சு பழகிவிட்டது. ஏல, அவன் நிழல்லா, அவன டீம்ல சேத்தா வெளங்குமா என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள். நான் அதைக் கண்டித்திருக்கலாம். ஆனால் அம்மா, நான் அவர்களை அடித்ததில்லை, வெயிலில் முட்டி போட வைத்ததில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மூங்கில் கம்போடு நிற்பார். அவரோடு ஒப்பிட்டால் நான் செய்தது தர்மம். சரிதானே.

அதுகளும் அங்கே சும்மா இருக்கவில்லை. புளியங்கொட்டையை ஊதி விளையாடும். ஒருத்தன் கதை சொல்வான், மற்றதெல்லாம் சிரிக்கும். நான் இங்கே விசில் ஊதிக்கொண்டிருப்பேன், அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும். சுடலைமுத்து என்று ஒரு நிழல் பையன், இப்போது திருநெல்வேலியில் வக்கீல். போன வருஷம் கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு, "சார், வாரத்துல ரெண்டு நாள் உங்க நிழல்தான் சார் எங்களுக்குச் சொர்க்கம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். கேலியாகச் சொன்னானா நிஜமாகச் சொன்னானா தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மகளும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளை.

உலகம்மாள் என்று பெயர். உலகு என்று கூப்பிடுவோம். ஒரே பிள்ளை. நடக்கவே இரண்டு வயது ஆயிற்று. பேச்சு மட்டும் ஒன்றரை வயதிலேயே வந்துவிட்டது. நாலு வயதில் அம்மாவோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஓதுவார் பாடியதை வீட்டில் அப்படியே பாடுவாள். ஆனால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழும். தம்ளரைக் கொடுத்தால் உடையும். வாசற்படி அங்கேயேதான் இருக்கிறது, தினமும் அதில் தடுக்கி விழுவாள்.

அவள் அம்மா ஆவுடையம்மாள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இடம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று. சட்டையில் பொத்தானைப் பிய்த்துவிட்டு அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பித்தானை வைத்துத் தைத்துக் கொடுப்பாள். சோற்றை உருண்டை பிடித்து வரிசையாகத் தட்டில் வைப்பாள், பிள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். தம்ளரில் பாதிதான் ஊற்றுவாள். என் பழைய வேட்டியைக் கிழித்து, நாடா மாதிரி பென்சிலில் சுற்றி, கூழ் போட்டு ஒட்டித் தருவாள். தடியாக இருந்தால் பிடி நழுவாதாம். நீங்கள் இன்றைக்குத் திரையில் பென்சிலுக்கு ஒரு பிடி மாட்டிக் காட்டினீர்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. உங்களுடையது ரப்பர், அது முறையாகச் செய்தது. இவளுடையது வேட்டித் துணி. நான் பார்க்கும்போதெல்லாம் அதை உருவிப் போட்டுவிடுவேன். நாளைக்குப் பரீட்சை ஹாலில் துணி சுற்றிக்கொண்டு உட்காருவாளா என்று கேட்பேன். "உக்காந்தா என்ன" என்பாள். மறுநாள் பார்த்தால் பென்சிலில் துணி இருக்கும்.

ஆறு, ஏழு, எட்டு மூன்றும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஒன்பதாவதுக்கு இங்கே வந்தாள். ஜூன் மாதம், முதல் டிரில் பீரியடு. வரிசையில் ஐந்தாவதாக நிற்கிறாள். லெப்ட் ரைட் சொன்னேன். வலது காலோடு வலது கை போகிறது. எனக்குத் தெரியாததா. பதின்மூன்று வருஷமாக வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வீட்டில் பார்ப்பது வேறு, மைதானத்தில் பார்ப்பது வேறு. வகுப்பு முழுக்க என் முகத்தைப் பார்க்கிறது. டிரில் சார் மகள் நிழலுக்குப் போவாளா மாட்டாளா என்று. அன்றைக்கு வேறு இரண்டு பேரை அனுப்பினேன், ஒரு பையன், ஒரு பெண். இவளை அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்பா, என்னயும் நிழலுக்கு அனுப்பிருங்கப்பா."

"எதுக்கு?"

"எனக்கும்தான் வரல."

"அதுகளுக்கு வராது. உனக்கு வரும். நீதான் செய்ய மாட்டேங்க. நீ டிரில் சார் மக."

தம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். அடுக்களையில் அது கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அப்போதெல்லாம் குடியரசு தினத்துக்குத் தென்காசியில் அணிவகுப்புப் போட்டி நடக்கும். ஆறு பள்ளிக்கூடம் கலந்துகொள்ளும், ஒரு கேடயம். நாங்கள் ஏழு வருஷமாக அதைக் கொண்டுவந்துகொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்புதான் அணி. நிழல் பிள்ளைகளை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வேன். அந்த வருஷம் டிசம்பர் இரண்டாவது வாரத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"வேலாயுதம், உங்க மகளையும் நடத்தப் போறீரா?"

"ஆமா சார்."

"வேண்டாம்வே. கேடயத்துக்காகச் சொல்லல. பிள்ளைக்காகச் சொல்லுதேன்."

"நான் நடக்க வச்சிருவேன் சார்" என்றேன்.

அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. முப்பது பேருக்கு நடக்கச் சொல்லிக் கொடுக்கிறவனுக்குத் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடியாதா. அன்றிலிருந்து விடிகாலை ஐந்தரைக்கு அவளை எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பத்து நாலு நாள் அம்மா. மார்கழிப் பனி. பொங்கல் அன்றைக்குக்கூட விடவில்லை.

இடது வலதில் அவளுக்குக் குழப்பம். எங்கள் பயிற்சிப் பள்ளியில் ஒரு மாஸ்டர் சொல்லுவார், அந்தக் காலத்தில் போலீஸில் சேர்கிற எழுதப் படிக்கத் தெரியாத ஆட்களுக்கு ஒரு காலில் ஓலையும் இன்னொரு காலில் சீலைத் துணியும் கட்டிவிட்டு, ஓலைக்கால் சீலைக்கால் என்று நடத்துவார்கள் என்று. அதையே செய்தேன். இடது காலில் பனையோலை, வலது காலில் அவள் அம்மாவின் பழைய சேலைத் துண்டு. விசிலை ஒரு தரம் நீட்டி ஊதினால் ஓலை, குறுக்கி ஊதினால் சீலை. பால் வாங்கப் போகிறவர்கள் சுவருக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். இரண்டு நாளில் தெருப்பிள்ளைகள் பிடித்துக்கொண்டன. அவள் கடைக்குப் போனால், "ஓலைக்கால் வருது, சீலைக்கால் வருது" என்று பின்னாலேயே வரும். இவளும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு வருவாள். எனக்குத்தான் கோபம் வரும். அவளுக்கு ரோஷம் இல்லை என்று நினைத்தேன்.

ஆவுடை ஒருநாள் அந்த ஓலையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள்.

"இவள என்ன போலீஸ்லயா சேக்கப் போறீங்க?"

"நாலு பேர் மாதிரி நடக்கட்டும்னு பாக்கேன்."

"அவ நடந்துதான பள்ளிக்கூடத்துக்கு வாரா. வழி தப்பிப் போயிட்டாளா?"

இப்படித்தான் பேசுவாள். நான் வேறு ஓலை கிழித்தேன்.

இருபதாவது நாளோ என்னவோ, உலகு நடுவில் நின்றுவிட்டாள். "எப்பா, மரத்தடியில உக்காந்துக்கிடட்டுமா? ஒரு நாள் மட்டும்" என்றாள். இரண்டாவது தடவை அது. மூன்றாவது தடவை நேராகக் கேட்கவில்லை, அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். அங்கே சுப்பம்மாள் என்று ஒரு பெண் இருக்கிறாளாம், நன்றாகக் கதை சொல்வாளாம். அவளோடு உட்கார ஆசையாக இருக்கிறதாம். கதை கேட்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் அவள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை அம்மா. அதை மட்டும் எங்கேயும் சொல்வேன். விசில் மட்டும்தான்.

முப்பத்தைந்தாவது நாள் அவளுக்கு வந்துவிட்டது. உங்களுக்கு நம்பிக்கை வராது. ஓலையை அவிழ்த்தேன், சீலையை அவிழ்த்தேன், விசில் ஊதினேன். வலது கால் போகிறது, இடது கை போகிறது. நாக்கை வெளியே துருத்திக்கொண்டு, கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, மைதானத்தை நீளவாக்கில் ஒரு தரம் நடந்து முடித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். "நாக்க உள்ள போடு" என்றேன். மறுநாளிலிருந்து மற்ற பிள்ளைகளோடு நடக்க வைத்தேன். மூன்றாவது வரிசை, நடுவில். சரியாக வந்தது. தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் சர்வீஸில் அந்த அளவுக்கு எனக்குச் சந்தோஷம் வந்ததே இல்லை.

அன்றைக்கு நான் நினைத்துப் பார்க்காதது ஒன்று இருந்தது. அவள் விசிலுக்கு நடந்தாள். எங்கள் மைதானத்தில் எப்போதும் விசில்தான். தென்காசியில் பாண்டு வாசிப்பார்கள். மற்ற பிள்ளைகளுக்கு எந்தச் சத்தமானாலும் ஒன்றுதான், கால் தானாகப் போகும். ஏழு வருஷமாக அப்படித்தான் போயிற்று. ஆகவே அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள், இந்தப் பிள்ளைகள் ஓரிடத்தில் பழகியது இன்னோரிடத்தில் உதவாமல் போகலாம், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும் என்று. நான் அங்கே உட்கார்ந்துகொண்டு என் மடியில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடியரசு தினத்தன்று ஆவுடையும் எங்களோடு பஸ்ஸில் வந்தாள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, வெள்ளை கான்வாஸ் ஷூ. உலகுக்கு லேஸ் கட்ட வராது, அவிழ்ந்தால் தடுக்கி விழுவாள் என்று, அவள் அம்மா முடிச்சுப் போட்டு அதன்மேல் ஊசி நூலால் தைத்தே விட்டிருந்தாள். பெரிய மைதானம். தாசில்தார் மேடையில் நிற்கிறார். எங்கள் பள்ளிக்கூடம் நாலாவது. நான் ஓரத்தில் நிற்கிறேன், மாஸ்டர்கள் உள்ளே போகக் கூடாது.

பாண்டு ஆரம்பித்தது. பத்துப் பன்னிரண்டு அடி சரியாக வைத்தாள். பிறகு ஒரு கால் பிந்தியது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், விசில் எங்கே என்று தேடுகிற மாதிரி. என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் வாயசைத்துக் காட்டினேன், லெப்ட், லெப்ட். அவள் வலது காலையும் வலது கையையும் தூக்கினாள். தூக்கியவள் வைக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

பின்னால் வந்த மரகதம் என்ற பெண் இவள்மேல் மோதி இவளோடு சேர்ந்து விழுந்தாள். அவள் மேல் இன்னொருத்தி. வரிசை கலைந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஜனம் சிரித்தது. நான் உள்ளே ஓடினேன். போகக் கூடாதுதான், ஓடினேன். மகளைத் தூக்கி நிறுத்தி, என்ன சொன்னேன் என்றால், "நிழலுக்குப் போ" என்று சொன்னேன்.

சத்தமாகச் சொல்லவில்லை அம்மா. ஆனால் பாண்டு நின்றுபோயிருந்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை தெரியும். கீழே விழுந்து கிடந்ததுகள்கூடச் சிரித்துவிட்டன. தென்காசி மைதானத்தில் நிழலே கிடையாது. சுற்றிலும் மொட்டைச் சுவர். எங்கே போவாள். அவள் திரும்பி நடந்தாள். அவ்வளவு பெரிய மைதானத்தைக் குறுக்காகக் கடந்து, வலது காலோடு வலது கை, இடது காலோடு இடது கை, எதிர்ச் சுவர் வரைக்கும் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அந்தப் பக்கம் வெயில். போட்டி முடிகிறவரை அப்படியே நின்றாள். அவள் அம்மா போய்ப் பக்கத்தில் நின்றாள். சேலைத் தலைப்பை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆவுடை ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவ மூணு தடவ கேட்டா." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் சாகிறவரை எடுக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது அவள் போய்.

உலகு மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேன் என்றாள். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று விட்டேன். சரியாகவில்லை. சயின்ஸ் டீச்சர் வீட்டுக்கே வந்தார்கள். வாயால் கேட்டால் வகுப்பிலேயே இவள்தான் முதலில் சொல்கிறாள், விட்டுவிடாதீர்கள் சார் என்றார்கள். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது டீச்சர், எஸ்.எஸ்.எல்.சி.யை வாயால் எழுத முடியுமா என்று நான் கேட்டேன். இவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத அனுமதி உண்டு, கூடுதல் நேரம் உண்டு என்று இன்றைக்குச் சொன்னீர்கள். அன்றைக்கு அதெல்லாம் இருந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை. படிப்பு அவளுக்கு எழுதி வைக்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் நின்ற பெண்பிள்ளைகள் பீடி சுற்ற உட்காரும். இவளும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்தாள். இலை கிழியும், தூள் சிந்தும், கடையில் பாதிக்கு மேல் கழித்துவிடுவார்கள். பீடி சுற்றத் தெரியாத பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைவதும் கஷ்டம். ஒரே ஒரு இடம் கூடி வந்தது. ஆவுடை தம்ளரில் பாதி பாதியாகக் காபி ஊற்றி வைத்திருந்தாள். அரைத் தம்ளர் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நான்தான் நிரப்பச் சொன்னேன். காபி மாப்பிள்ளையின் தாயார் மடியில் போயிற்று. அப்புறம் யாரும் வரவில்லை. அவளும் வேண்டாம் என்றுவிட்டாள்.

இப்போது ஐம்பத்துமூன்று வயது அவளுக்கு. என்னோடுதான் இருக்கிறாள். எனக்குச் சமைத்துப் போடுகிறாள். என்னோடு பேசுவதில்லை என்று சொல்ல முடியாது, பேசுவாள். சாப்பாடு ஆயிற்று, மாத்திரை போட்டாச்சா, கரண்டு பில் கட்ட நாளைக்குக் கடைசி. இந்த மாதிரி. சாயங்காலம் தெருப்பிள்ளைகள் ஏழெட்டு வந்து இவளிடம் பாடம் ஒப்பித்துவிட்டுப் போகும். பத்தாம் வகுப்புப் புஸ்தகம் முழுக்க இவளுக்கு மனப்பாடம், புஸ்தகத்தைப் பார்க்காமலே தப்பு சொல்வாள். அவளுக்கும் பொழுது போக வேண்டும் அல்லவா.

இன்றைக்கு உங்கள் கூட்டத்துக்கு அவளும் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பையனின் அம்மா பீடிக்கடைக்குப் போய்விட்டதால் அவனுக்காக இவள் வந்தாள். கடைசி வரிசை. பச்சைச் சேலை. கூட்டம் முடிந்து நீங்கள் டீ குடிக்கப் போனபோது வெளியே தாழ்வாரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப நம்ம பள்ளிக்கூடத்துல எத்தன பேர் படிச்சோம்பா?"

"தொள்ளாயிரம் இருக்கும்."

"நூத்துக்கு அஞ்சுன்னா நாப்பத்தஞ்சு" என்றாள். கணக்கெல்லாம் வாயிலேயே போடுவாள். "நாப்பத்தஞ்சு பேர் எப்பா. அவ்வளவு பேருக்கும் வராதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா. பாத்தவொடன சொல்லிருவேன்" என்றேன்.

"அவங்களுக்கெல்லாம் வராது, எனக்குத்தான் திமிருன்னு இந்நேரம் வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள் அம்மா. அழவில்லை, சத்தம் போடவில்லை. வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்த மாதிரி. குடையை விரிக்க அவளுக்கு வராது, எப்போதும் நான்தான் விரித்துக் கொடுப்பேன். இன்றைக்கு என்னிடம் நீட்டவில்லை. மடக்கிய குடையைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்து போய்விட்டாள். அதோ, அந்த ரோட்டில்தான் போனாள். நான் வீட்டுக்குப் போகாமல் உங்களைத் தேடி இங்கே வந்தேன்.

எனக்கு உங்களிடம் ஒரே ஒரு உதவி வேண்டும். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தால் வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பேன். அடுத்த மாதம் திரும்ப வருவீர்கள் என்று தலைமையாசிரியை சொன்னார்கள். அப்போது ஒரு நடை வந்து அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது, உங்கப்பாவால் என்ன செய்திருக்க முடியும் என்று. நீங்கள் சொன்னால் கேட்பாள். படித்தவர்கள் சொன்னால் கேட்பாள்.

என்ன கேட்கிறீர்கள்? அவள் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்றா?

அவளுக்கு என்ன தெரியும் அம்மா. ஐந்தாம் வகுப்பு. பெயரெல்லாம் தெரியாது. பிள்ளைக்கு எது வரவில்லை என்று பார்த்தாள், அதற்குத் தகுந்த மாதிரி எதையாவது செய்து கொடுத்தாள். அவ்வளவுதானே செய்தாள். அதைப் போய் தெரிந்தது என்று சொல்ல முடியுமா. நான் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தவன். எங்களுக்கு அப்படி ஒன்றும் சொல்லித்தரவில்லை.

பஸ் வருகிறது. பையை என்னிடம் கொடுங்கள், நீங்கள் ஏறிய பிறகு தருகிறேன். படி வழுக்கும், பார்த்து. முன்பக்கம் இடம் இருக்கிறது.

நீங்கள் சொன்னதாகவே அவளிடம் சொல்லிவிடுகிறேன் அம்மா. யாருக்கும் தெரிந்திருக்க முடியாது என்று அந்த அம்மா சொன்னார்கள் என்று. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, சரிதான். ஆனாலும் சொல்லிப் பார்க்கிறேன். நம்ப மாட்டாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறாள். கேட்டது எதுவும் அவளுக்கு மறக்காது.